சென்னை – விழுப்புரம் மீட்டர்கேஜ் மின்பாதை

சென்னை – விழுப்புரம் மீட்டர்கேஜ் மின்பாதை என்பது சென்னை கடற்கரையில் தொடங்கி எழும்பூர், தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை சென்ற, பின்னர் அகலப்பாதையாக மாற்றப்பட்ட மின்மய ரயில் பாதை. இந்தியாவில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்தில் இயங்கிய மீட்டர்கேஜ் பாதை இது ஒன்றே. எழும்பூருக்கும் விழுப்புரத்துக்கும் இடையே சுமார் 159 கி.மீ. தொலைவு.

தென்னிந்தியாவின் தென்பகுதி மீட்டர்கேஜுக்கு உரியதாக அமைந்ததன் பின்னணி சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. 1860களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளி வரை கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே நிறுவனம் போட்டது அகலப்பாதைதான். தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மி.மீ. அகலம். 1870இல் மேயோ பிரபுவின் அரசு, செலவைக் குறைக்க, புதிய பாதைகளுக்கு 1,000 மி.மீ. அளவை, அதாவது மீட்டர்கேஜை, ஏற்றது. 1874இல் கிரேட் சதர்ன் நிறுவனமும் கர்நாடிக் ரயில்வேயும் இணைந்து தென்னிந்திய ரயில்வே உருவானது. அது புதிய பாதைகளை மீட்டர்கேஜில் போட்டதோடு நிற்காமல், ஏற்கெனவே இருந்த நாகப்பட்டினம் அகலப்பாதையையும் 1870களின் இறுதிக்குள் சுருக்கிவிட்டது. நூற்றிருபது ஆண்டுகள் கழித்து அதே தடங்களைப் பெரும் செலவில் மறுபடி அகலப்படுத்த வேண்டியிருந்ததை எண்ணினால், அன்றைய சிக்கனம் குறுகிய நோக்குடையது என்றே சொல்ல வேண்டும்.

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிய பாதை 1870களின் பிற்பகுதியில் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் எட்டியது. சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் (1876–78) வாட்டிய காலம் அது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு 1879இல் விழுப்புரத்திலிருந்து கிளைப்பாதை திறக்கப்பட்டது. பின்னர் திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்றும், விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ஒன்றுமாகப் பாதைகள் பிரிந்தன. முன்னதாக அமைந்த கடலூர், மயிலாடுதுறைத் தடம் மெயின் லைன். 1920களின் இறுதியில் முழுமை பெற்ற விருத்தாசலம் தடம் கார்டு லைன். இவ்வாறு ஐந்து திசைகளிலிருந்தும் வண்டிகள் வந்து சேரும் சந்திப்பானது விழுப்புரம். அந்த நகரத்தை வளர்த்தது ரயில்தான். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட சுமார் 37 கி.மீ. தூரத்தில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் ஆகிய சிறு நிலையங்கள் உள்ளன.

மின்மயமாக்கம் 1931இல் தொடங்கியது. அவ்வாண்டு மே மாதம் கடற்கரை – தாம்பரம் இடையே மின்ரயில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. பம்பாயில் 1925இல் ஓடிய முதல் மின்ரயிலுக்கு ஆறு ஆண்டுகள் பிந்தியது. தென்னிந்தியாவில் இதுவே முதலாவது. மின்சாரம் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். தாம்பரம், பல்லாவரம், சைதாப்பேட்டை ஆகிய ஊர்கள் சென்னையின் புறநகர்களாக இறுகியது இந்த வண்டிகளால்தான்.

1960களின் நடுவில் தாம்பரத்துக்குத் தெற்கே விழுப்புரம் வரை கம்பி நீட்டப்பட்டது. அதற்குள் உலகெங்கும் உயர் அழுத்த மாறுமின்னோட்டம் சிக்கனமானது என்று தெளிவாகிவிட்டிருந்தது. துணைமின்நிலையங்களை வெகு தூரத்துக்கு ஒன்றாக அமைத்தால் போதும். ஆகவே நீட்சி 25,000 வோல்ட் முறையில் அமைந்தது. ஒரே தடத்தில் இருவகை மின்சாரம் ஒத்துவராது என்பதால், அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் பழைய கடற்கரை – தாம்பரம் பகுதியும் புதிய முறைக்கு மாறியது.

இப்பாதைக்கென்றே ஜப்பானில் கட்டப்பட்டவை ஒய்.ஏ.எம்.-1 வகை மின் எஞ்சின்கள், மொத்தம் 20. ரயில்வே வகைப்பாட்டில் ஒய் என்பது மீட்டர்கேஜையும், ஏ என்பது மாறுமின்னோட்டத்தையும், எம் என்பது பயணி வண்டி, சரக்கு வண்டி இரண்டையும் இழுக்கும் பயன்பாட்டையும் குறிக்கும். புறநகர் மின்தொடர் வண்டிகள் ஒய்.ஏ.யு. வகை. முந்தைய நேர்மின்னோட்ட எஞ்சின்கள் ஒய்.சி.ஜி. என்று வகைப்படுத்தப்பட்டன. வேறு எந்தத் தடத்திலும் மீட்டர்கேஜுக்கு மேல் இந்த மின்சாரம் இல்லாததால் ஒய்.ஏ.எம்.-1 எஞ்சின்களுக்கு விழுப்புரத்தைத் தாண்டிப் போக வழி கிடையாது. எழும்பூரிலிருந்து அவை இழுத்து வந்த வண்டிகளில் விழுப்புரத்தில் நீராவி எஞ்சினோ, பிற்காலத்தில் டீசல் எஞ்சினோ மாட்டப்பட்டது. எஞ்சின் மாற்றும் அந்த நிறுத்தமே, தெற்கே போகிற பயணிகளுக்கு விழுப்புரத்தைச் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் உரிய ஊராக்கியது.

மீட்டர்கேஜ் பாதைகளை அகலப்பாதையாக மாற்ற 1992இல் தொடங்கிய ஒற்றைக்கேஜ் திட்டம் இப்பாதைக்கு முடிவு கட்டியது. மின்மயமாகி முப்பதாண்டுகளைச் சற்றே கடந்திருந்த தாம்பரம் – விழுப்புரம் பகுதி 1990களின் இறுதியில் அகலப்பாதையானபோது அங்கிருந்த மின்வசதி கைவிடப்பட்டு, சில ஆண்டுகள் டீசல் வண்டிகளே ஓடின. இம்முறிவைத் தவிர்த்திருக்கலாம், மாற்றமும் மின்மயமும் ஒரே திட்டமாக நடந்திருக்க வேண்டும். எழும்பூர் – தாம்பரம் இடையே எஞ்சியிருந்த மீட்டர்கேஜ் மின்ரயில்கள் 2004 ஜூலையில் நின்றன. ஒய்.ஏ.எம்.-1 எஞ்சின்களுக்கும் அத்துடன் பணி முடிந்தது.

தற்போது இத்தடம் மின்மயமான இரட்டை அகலப்பாதை. திண்டிவனம், விழுப்புரம் பயணிகள் தாம்பரம் செல்ல மெமு எனப்படும் மின்தொடர் வண்டிகள் உள்ளன.