முப்பந்தலும் மார்ச் 31ம்

நாகர்கோவில் பக்கம் பஸ்ஸில் போனவங்களுக்கு முப்பந்தலைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. போகாதவங்க எத்தனையோ சினிமாப் பாட்டுல பாத்திருப்பீங்க, ஹீரோயின் தாவணி பறக்குமே, அதே இடம்தான் :-)

இந்தக் காற்றாடிகளுக்கு அரசாங்கம் கொடுத்த சலுகையை நிறுத்தலாமா கூடாதாங்கிற சண்டை முப்பது வருஷமா நடக்குது. ஒவ்வொரு தடவையும் புதுசா ஆரம்பிக்கிற மாதிரியே பேசுறாங்க.

ஆரல்வாய்மொழி கணவாய்க்குள்ள தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிப் புகுந்து வர்றதால அங்கே வேகம் அதிகம். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு நம்மாளுங்க சொன்னதை அளந்து எழுதி வச்சவர் அன்னா மணி. வானிலை ஆய்வுத் துறையில் பெரிய பதவி பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, நாடு முழுக்க எங்கே எவ்வளவு காற்று அடிக்குதுன்னு தொகுத்துப் புத்தகமா போட்டார். 1986ல் தூத்துக்குடி பக்கம் அரசு செலவில் சோதனைக் காற்றாலைகள் வந்தன.

தனியார் பணம் வந்தது தொண்ணூறுகளில், காரணம் வருமான வரி. காற்றாலை வாங்கினால் அதன் முழு விலையையும் முதல் வருஷமே தேய்மானமா கழிச்சுக்கலாம். நூற்பாலை முதலாளி ஒருத்தருக்கு 1 கோடி லாபம்னு வைங்க. அன்னிக்கு கம்பெனி வரி 46%. 1 கோடிக்குக் காற்றாலை வாங்கினா கட்ட வேண்டிய 46 லட்சம் கையிலேயே நிக்கும். (இது இனாம் இல்லை, பின்னாடி வருஷங்கள்ல கழிக்க ஒண்ணும் இருக்காது. வட்டியில்லாக் கடன்னு சொன்னா சரியா இருக்கும்.) கோயம்புத்தூர், ராஜபாளையம் மில்காரங்க முப்பந்தலுக்கு ஓடி வந்ததுல ஆச்சரியம் என்ன?

சிக்கல் என்னன்னா, சலுகை மெஷினுக்குத்தான், அது தர்ற யூனிட்டுக்கு இல்லை. வருஷத்துல 180 நாளுக்குக் குறைவா ஓடினா பாதித் தேய்மானம்னு ஒரு விதி. அதனால செப்டம்பர் முடியுறதுக்குள்ள ஓட விட்டா முழுசு, மார்ச் 31க்குள்ள ஓட விட்டா பாதி. காத்து மே மாசம்தான் எழும்பும், ஆடிட்டருக்கு மார்ச்சுலயே விசிறி சுத்தணும்! அவசரத்துல நட்ட மெஷின்கள்ல சிலது பின்னாடி சும்மா நின்ன கதையும் உண்டு.

1996 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் மேட் வரியைக் கொண்டு வந்தார். கணக்குல லாபம் காட்டுற கம்பெனி குறைந்தபட்சமாவது வரி கட்டணும். அடுத்த வருஷம் கம்பெனி வரியே 35% ஆச்சு. வரி குறைஞ்சா வரி மிச்சமும் குறையும் இல்லையா? வருஷத்துக்குச் சில நூறு மெகாவாட் வந்துகிட்டிருந்தது 1997-98ல் நூறுக்கும் கீழே போச்சு.

அப்புறம் தேய்மானம் 80% ஆச்சு. 2009 டிசம்பரில் மத்திய அரசு இன்னொரு வழி வச்சது: உற்பத்தி பண்ற யூனிட்டுக்கு 50 பைசா. இது வேணுமா, தேய்மானம் வேணுமா, ஏதாவது ஒண்ணு. என்னைக் கேட்டா இதுதான் நியாயமான சலுகை, ஓடினாத்தானே காசு! ஆனா நிறைய பேர் தேய்மானத்தையே பிடிச்சுக்கிட்டாங்க. 2012 ஏப்ரலில் ரெண்டையும் ஒரே நேரத்துல நிறுத்தினாங்க.

விளைவு? 2011-12ல் நாடு முழுக்கச் சுமார் 3,200 மெகாவாட் புதுசா வந்தது, அடுத்த வருஷம் 1,700. தமிழ்நாட்டுல ஆயிரத்துக்கு மேல இருந்தது இருநூறுக்கும் கீழே. இதே 2012ல்தான் நாம மணிக்கணக்கா கரண்ட் இல்லாம விசிறிக்கட்டையோட உக்காந்திருந்தோம். பழியை முழுசா டெல்லி மேல போட முடியாது. மின்வாரியம் வாங்கின மின்சாரத்துக்குப் பணம் தராம மாசக்கணக்கா பாக்கி வச்சிருந்தது, காத்து நல்லா அடிக்கிற நேரத்துல மெஷினை நிறுத்தவும் சொன்னது.

யூனிட் சலுகை 2013லும் தேய்மானம் 2014 பட்ஜெட்டிலும் திரும்பி வந்தன. 2017ல் தேய்மானம் 40%, யூனிட் சலுகை காலி. அந்த வருஷம் பிப்ரவரியில் நடந்த முதல் ஏலத்தில் விலை யூனிட்டுக்கு 3.46 ரூபாய், அக்டோபரில் 2.64. சலுகை தேவையில்லைன்னு சொல்றவங்க இந்த எண்ணைத்தான் காட்டுவாங்க. எதிராளிகள் காட்டுறது அதே காலத்துப் பொருத்தும் கணக்கு: 2016-17ல் 5,400 மெகாவாட், அடுத்த வருஷம் அதுல மூணில் ஒரு பங்கு.

ரெண்டு எண்ணும் உண்மைதான். ஆனா 2017ல் விழுந்தது சலுகை போனதால மட்டும் இல்லை. நிர்ணய விலை போய் ஏலம் வந்துச்சு, மாநிலங்கள் பழைய விலையில் கையெழுத்துப் போட மறுத்துட்டாங்க. சலுகை நிக்கிறதை விட, எப்ப நிக்கும் எப்ப வரும்னு தெரியாததுதான் மெஷின் செய்யுறவனைக் கொல்லுது.

மாநிலம் விட்டு மாநிலம் மின்சாரம் அனுப்புற கட்டண விலக்குல மட்டும் இதைக் கொஞ்சம் புரிஞ்சுகிட்டிருக்காங்க. 2025 ஜூன் 30 வரைக்கும் ஓட ஆரம்பிச்ச திட்டத்துக்கு முழு விலக்கு. அதுக்கப்புறம் வர்றதுக்கு வருஷம் 25% வீதம் கட்டணம் ஏறும். தேதி பல வருஷம் முன்னாடியே தெரியும். அப்படியும் ஜூன் நெருங்க நெருங்க மறுபடி அதே ஓட்டம்தான், மார்ச் 31க்குப் பதிலா ஜூன் 30.