பிறந்த தேதியும் பந்தும்: வயதுப் பிரிவு விதி மாற்றங்கள் இளம் கால்பந்து வீரர்களையும் குடும்பங்களையும் பாதிக்கும் விதம் – கடலூர் மாவட்டத்தை முன்வைத்து

முன்னுரை

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் சாலையில் உள்ள பேரூர் மங்கலம்பேட்டை. இத்தகைய ஊர்களில் கால்பந்து ஆடும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பள்ளி அணிதான் ஒரே அணி. குறுவட்டப் போட்டியில் வென்றால் மாவட்டம், அங்கும் வென்றால் மாநிலம் என்பதே அதற்குத் தெரிந்த ஏணி. அந்த ஏணியின் முதற்படியில் ஏறும் முன் பிள்ளையிடம் கேட்கப்படுவது பிறந்த தேதி.

வயது வரம்பு தேவையானது என்பதில் ஐயமில்லை. பதினாறு வயதுப் பையனோடு பன்னிரண்டு வயதுப் பையனை மோதவிடுவது ஆட்டமாகாது. ஆனால் வரம்புத் தேதியை மாற்றுவதால் சமனின்மை ஒழிவதில்லை. ஒரு மாதத்தில் பிறந்தவரிடமிருந்து அதை எடுத்து வேறொரு மாதத்தில் பிறந்தவர்மேல் ஏற்றுகிறோம், அவ்வளவே. ஆகவே எந்தத் தேதி சரி என்பதைக் காட்டிலும், மாற்றத்தின் சுமையை யார் தாங்குகிறார் என்பதே முதற்கேள்வி என இக்கட்டுரை வாதிடுகிறது.

தேதி நகர்ந்தால் அதிர்ஷ்டமும் நகரும்

ஒரே ஆண்டில் ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கும் டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கும் ஏறத்தாழ ஒரு வயது வேறுபாடு உண்டு. பதின்மூன்று வயதில் அந்த ஓராண்டு, உயரத்திலும் ஓட்டத்திலும் கண்கூடாகத் தெரியும். தேர்வாளர் பெரிய பிள்ளையைத் திறமைசாலி என்று எடுக்கிறார். எடுக்கப்பட்ட பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி கிடைக்கிறது, கூடுதல் பயிற்சி உண்மையிலேயே திறமையாகிறது. இதை ஆய்வாளர்கள் சார்பு வயது விளைவு என்பர்.

பெல்ஜியத்தில் 1997-இல் வரம்புத் தேதி ஆகஸ்ட் 1-லிருந்து ஜனவரி 1-க்கு மாற்றப்பட்டது. அதன்பின் ஹெல்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் இளையோர் ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை ஒப்பிட்டு, 2000-இல் முடிவுகளை வெளியிட்டனர். முன்பு ஆகஸ்டை ஒட்டிப் பிறந்தோர் மிகுந்திருந்த அணிகளில், பிறகு ஜனவரியை ஒட்டிப் பிறந்தோர் மிகுந்தனர். பிள்ளைகளின் கால்கள் மாறவில்லை, மாறியது நாட்காட்டி.

அமெரிக்கா இதே பாதையில் போய்த் திரும்பிவந்திருக்கிறது. அங்கே 2015-இல் அறிவிக்கப்பட்டு 2017-இல் கட்டாயமான ஜனவரி–டிசம்பர் முறை, வகுப்புத் தோழர்களை வெவ்வேறு அணிகளாகப் பிரித்தது. பெற்றோரின் குறை வலுத்து, 2026–27 பருவம் முதல் ஆகஸ்ட் 1 தொடங்கி ஜூலை 31 முடியும் கணக்குக்குத் திரும்புவதாக அங்குள்ள இளையோர் அமைப்புகள் 2025-இல் அறிவித்தன. ஒரே வகுப்பில் படிப்போர் ஒரே அணியில் ஆடட்டும் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம்.

இந்த நியாயம் தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருந்துமா? கல்வி உரிமைச் சட்டப்படி 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. சேர்வதற்கு இங்கே பார்க்கப்படும் கணக்கும் ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரைதான். விளையாட்டுக்கும் அதே கணக்கு வந்தால், ஜூன் அல்லது ஜூலையில் பிறந்த பிள்ளை வகுப்பிலும் கடைக்குட்டி, மைதானத்திலும் கடைக்குட்டி. இப்போதைய ஜனவரி கணக்கில் அந்தப் பிள்ளை மைதானத்திலாவது நடுவரிசையில் நிற்கிறது. வகுப்புத் தோழமையைக் காக்கும் விதி, ஏற்கெனவே பின்தங்கும் பிள்ளையை இரண்டு இடத்திலும் பின்தள்ளக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காக மே, ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் பிறந்தநாளாகப் போட்டுவிடும் வழக்கம் நம் பழைய பள்ளிப் பதிவேடுகளில் பரவலாக இருந்தது. மருத்துவமனைப் பிரசவமும் பிறப்புச் சான்றிதழும் பெருகியபின் அது தேய்ந்துவிட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார் முதலியவற்றுக்கெல்லாம் பிறப்புச் சான்றிதழே வயதுக்கான ஆவணம் என்று சட்டமும் சொல்கிறது. ஆனால் இன்று மைதானத்தில் நிற்கும் பிள்ளைகள் அதற்கு முன் பிறந்தவர்கள்.

மூன்றாண்டு அகலமுள்ள பிரிவு

அமெரிக்க வாதம் முழுவதும் ஓராண்டு அகலமுள்ள பிரிவுகளைப் பற்றியது. நம் பள்ளி விளையாட்டில் பிரிவுகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் எனப் பிரிகின்றன. முதல் இரண்டுக்கும் இடையே மூன்றாண்டு இடைவெளி. பதினான்கைத் தாண்டிய பிள்ளை அடுத்த பருவத்தில் பதினாறு வயதுக்காரரோடு இடத்துக்குப் போட்டியிட வேண்டும். நகரத்துப் பிள்ளைக்குக் கிளப் இருக்கலாம், அகாடமி இருக்கலாம். பேரூர்ப் பிள்ளைக்கு அடுத்த இரண்டாண்டும் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கும் காலம். அப்படி உட்கார்ந்தவர்களில் பலர் திரும்ப எழுவதில்லை.

விதி வகுக்கும் அமைப்புகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் இளையோர் லீகுகள் 13, 15, 17 என்று பிரிக்கின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதியில் சேர 7, 8, 9, 11 எனப் படிக்கும் வகுப்பும் கணக்கில் வருகிறது. கேலோ இந்தியா இளையோர் போட்டி 2020 குவாஹாட்டியில் 17, 21 வயதுக்குட்பட்டோர் என இரு பிரிவாக நடந்தது. 2022-இல் ஹரியானாவில் 18 வயதுக்குட்பட்டோர் என்ற ஒரே பிரிவாயிற்று. ஒரே பிள்ளை ஓரிடத்தில் தகுதியுள்ளவர், இன்னோரிடத்தில் வயது கடந்தவர்.

ஒரு தலைமுறை இழந்த உலகக் கோப்பை

விதியின் கடுமை முழுமையாக வெளிப்பட்டது பெண்கள் கால்பந்தில். 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையை 2020 நவம்பரில் இந்தியா நடத்துவதாக இருந்தது. போட்டி நடத்தும் நாடு என்பதால் இந்தியாவுக்கு நேரடி இடம். 2003 முதல் 2005 வரை பிறந்தோர் தகுதியுடையோர். பெருந்தொற்றால் போட்டி 2021 பிப்ரவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டபோது பழைய வயது வரம்பே தொடரும் என்றது ஃபிஃபா. 2020 நவம்பரில் போட்டியே ரத்தாகி, 2022-ஆம் ஆண்டுப் பதிப்பு இந்தியாவுக்கு வழங்கப்பட்டது. அதற்குத் தகுதி 2005 ஜனவரி 1 முதல் பிறந்தோருக்கு மட்டும். முகாமில் ஆண்டுக்கணக்கில் ஓடிய 2003, 2004-இல் பிறந்த பெண்களுக்குச் சொந்த மண்ணின் உலகக் கோப்பை ஒரே அறிவிப்பில் போயிற்று.

2020-இல் அதே ஃபிஃபா, டோக்கியோ ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனபோது ஆண்கள் கால்பந்தின் வயது வரம்பைத் தளர்த்தியது. 1997 ஜனவரி 1 முதல் பிறந்தோர் என்ற பழைய தேதி அப்படியே நின்றது. 23 வயது வரம்பு 24 ஆயிற்று. ஒரு போட்டி ரத்து, மற்றொன்று ஒத்திவைப்பு என்பது உண்மைதான். ஆயினும் பிள்ளைகளின் உழைப்பை மதித்து விதியை வளைக்க இயலும் என்பதற்கு அந்த ஒலிம்பிக் முடிவே சான்று. பதினாறு வயதுப் பெண்களுக்காக அப்படி வளைக்கும் மனம் வாய்க்கவில்லை.

கடலூர் மாவட்டத்துக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. 2004 சுனாமிக்குப் பின் இங்கே பெண்கள் கால்பந்து வேரூன்றியது. கடலூரின் இந்திரா காந்தி அகாடமி அணி, 2017–18 இந்தியப் பெண்கள் லீகின் இறுதிச் சுற்றில் ஆடியது. இந்திய அணிக்கு ஆடிய நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் இம்மாவட்டத்துக்காரர். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-இலும் 2023-இலும் தேசியச் சாம்பியன் ஆனார்கள். இப்படிப்பட்ட மண்ணில் ஒரு வயதுப் பிரிவு மூடப்படும்போது, அதன் வாசலில் நிற்பவர்கள் மீனவக் குடும்பத்துப் பெண்களும் கூலித் தொழிலாளரின் பெண்களும்தான்.

கோப்பும் குடும்பமும்

குறுவட்டப் போட்டி நாளன்று எந்தப் பள்ளி மைதானத்திலும் காணக்கூடிய காட்சி ஒன்று. மரநிழலில் ஒரு மேசை. பி.டி. ஆசிரியரின் கையில் தலைமையாசிரியர் கையொப்பமிட்ட தகுதிப் படிவம், புகைப்படத்தின்மேல் பாதி விழுந்த பள்ளி முத்திரை, ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ் நகல். எதிரணி ஆசிரியர் ஒவ்வொரு தேதியையும் விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறார். ஆதாரில் ஒரு தேதி, பள்ளிப் பதிவேட்டில் வேறொன்று என்றால் ஜெர்சி மாட்டிய பிள்ளை வெளியே நிற்க வேண்டியதுதான்.

அதைத் திருத்தப் பெற்றோர் அலைய வேண்டும். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒருமுறைதான் மாற்ற முடியும். ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. மாவட்டத் தேர்வுக்கு மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம், நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் போய்வர இன்னொரு நாள். வரம்பு மாறினால் வாங்கிய பூட்ஸும் பயணமும் காத்திருப்பும் பயனின்றிப் போகின்றன. விதி மாற்றத்தின் செலவை அமைப்பு தாங்குவதில்லை, குடும்பம் தாங்குகிறது.

வயது மோசடி இருப்பதால் கண்டிப்பு தேவை என்பர். உண்மைதான், இடது மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியைக் கணிக்கும் சோதனை அதற்காகத்தான். ஆனால் எலும்பின் வயதும் பிறந்த வயதும் ஆரோக்கியமான பிள்ளைகளிடமே ஓராண்டுக்கு மேல் வேறுபடலாம். ஏமாற்றுபவரைப் பிடிக்கும் வலையில், சீக்கிரம் வளர்ந்த நேர்மையான பிள்ளையும் விழும். மேல்முறையீட்டுக்கு வழியில்லாத சோதனை நீதியாகாது.

முடிவுரை

எந்தத் தேதியை வைத்தாலும் யாரோ ஒருவர் கடைசியில்தான் பிறப்பார். ஆகவே தேதியைத் தேடுவதைவிட மாற்றத்தை முறைப்படுத்துவதே அறிவுடைமை. எந்த வயது வரம்பு மாற்றமும் இரண்டு பருவங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும். ஏற்கெனவே தேர்வாகிப் பயிற்சியில் இருப்போர் பழைய விதியிலேயே அந்தச் சுற்றை முடிக்க இடமிருக்க வேண்டும். பள்ளி விளையாட்டில் 14-க்கும் 17-க்கும் நடுவே ஒரு பிரிவு குறுவட்ட அளவிலேனும் வேண்டும். தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கெனப் பெல்ஜியம் தனித் தேசிய அணி அமைத்ததுபோல, மாவட்டத் தேர்விலும் அவர்களுக்குச் சில இடங்கள் ஒதுக்கலாம். ஆவணத் திருத்த முகாமைக் கல்வியாண்டின் தொடக்கத்தில் பள்ளியிலேயே நடத்த வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய மைதானம் தேவையில்லை. விதி எழுதுபவர்கள் தங்கள் மேசையிலிருந்து மங்கலம்பேட்டைப் பேருந்து நிறுத்தம் வரை ஒருமுறை நினைத்துப் பார்த்தால் போதும். ஒரு பிள்ளைக்குப் பதினான்கு வயது ஒருமுறைதான் வருகிறது. அந்த ஆண்டை விதி பறித்துக்கொண்டால், பின்னால் வரும் எந்தத் திருத்தமும் அதைத் திருப்பித் தராது.