திருமுல்லைவாயில் தொண்டைமான் தொன்மம்: பதிகமும் தலபுராண மரபும்

அம்பத்தூரை அடுத்த திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலின் தலவரலாறு ஒரு போர்க்கதையாகும். ஓணன், வாணன் என்னும் குறும்பர் தலைவர்களிடம் பின்னடைந்து திரும்பிய தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் சிக்கியது; கொடியை வெட்டிய வாள் உள்ளிருந்த இலிங்கத்தின்மேல் பட்டுக் குருதி பெருகியது; இறைவன் வெளிப்பட்டு நந்தியைத் துணைக்கு அனுப்பினான்; தொண்டைமான் வென்றான்.

இத்தலத்துச் சுந்தரர் பதிகத்தில் தொண்டைமானைச் சுட்டும் பாடல் யானையையும் முல்லைக்கொடியையும் இறைவன் வெளிப்பட்டதையும் மட்டுமே கூறுகிறது. குறும்பரோ வாட்காயமோ நந்தி துணைவந்ததோ அப்பாடலில் இல்லை. பாடல் சுருங்கச் சொல்லியிருக்கலாம். இம்மௌனம் ஒன்றைக்கொண்டு அவற்றைப் பிற்சேர்க்கை எனத் துணிதல் இயலாது. ஆயினும் அவை ஒவ்வொன்றும் கோயிலில் கண்ணால் காணும் ஒன்றுக்கு விளக்கமாக அமைவது கருதத்தக்கது: இலிங்கத்தின் சந்தனக்காப்பு, இறைவனை நோக்காது கிழக்கு நோக்கிய நந்தி, குறும்பர் கோட்டையிலிருந்து கொணர்ந்தவை எனப்படும் எருக்கந்தூண்கள்.

13ஆம் நூற்றாண்டு ஐசுலாந்தின் வோல்சுங்கர் சாகாவில் ஓடின் தெய்வம் வீரனுக்கு வாளை வழங்கிப் பின் தானே முறிக்கிறது. இங்கோ வீரனின் வாளால் தெய்வமே புண்படுகிறது.

புழல் குறும்பரை வென்றவன் ஆதொண்டைச் சோழன் என்பது மெக்கன்சி சுவடிகள் தரும் செய்தி. தொண்டைமான் என்பது பட்டப்பெயராகவும் வழங்கியதால், இத்தலத்து வீரனைப் பெரும்பாணாற்றுப்படையின் இளந்திரையனாகக் கொள்வதற்குப் பெயரொற்றுமை போதாது. வென்றவன் பெயர் இவ்வாறு மாறினும், தோற்றவர் தலவரலாற்றிலும் மெக்கன்சி சுவடிகளிலும் குறும்பரே.