துணியா, டயப்பரா? கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில் உள்ள சித்தன்னவாசலைப் பார்க்க, விடுமுறை நாள்களில் கைக்குழந்தையுடன் குடும்பங்கள் வருகின்றன. பேருந்துப் பயணம், வெயிலில் காயும் பாறை. அங்கே பிள்ளைக்கு டயப்பர் போட்டிருப்பதை யாரும் குறை சொல்வதில்லை. வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் பேச்சு வளர்கிறது. "நாங்கள் எல்லாம் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டித்தானே வளர்த்தோம்" என்பார் மாமியார். "தினமும் இருபது துணியை அலசுவது நான்தானே" என்று மருமகள் மனதுக்குள் சொல்லிக்கொள்வார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எனவே 'எது சிறந்தது' என்று கேட்பதற்கு முன், துவைப்பது யார், குப்பை எங்கே போகிறது என்ற இரண்டையும் நாம் கேட்டாக வேண்டும்.

டயப்பருக்குள் என்ன இருக்கிறது?

உள்ளே மரக்கூழும், ஈரத்தை உறிஞ்சிக் கூழாக மாற்றும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற வேதிப்பொருளும் இருக்கின்றன. வெளியுறை பிளாஸ்டிக். இரவில் குழந்தை விழிக்காமல் தூங்குவதற்கு இதுவே காரணம். மண்ணில் எளிதில் மக்காமல் கிடப்பதற்கும் இதுவே காரணம்.

செலவையும் கணக்கிட வேண்டும். ஒரு டயப்பர் 10 ரூபாய் என்றும், நாளைக்கு ஐந்து என்றும் வைத்துக்கொண்டால் மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டுகளில் 36,000 ரூபாய். தினக்கூலிக் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல.

தோல் புண் எதனால் வருகிறது?

டயப்பர் போட்டாலே புண் வரும் என்பதும், துணி கட்டினால் வரவே வராது என்பதும் சரியல்ல. ஈரமும் மலமும் தோலில் நீண்ட நேரம் படிந்திருப்பதுதான் முக்கியக் காரணம். துணி நனைந்ததும் மாற்ற வேண்டும். டயப்பரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும், மலம் கழித்தால் உடனேயும் மாற்ற வேண்டும். நாளில் சிறிது நேரம் எதுவும் கட்டாமல் காற்றாட விடுவது நல்லது. சிவப்பு சில நாள்களில் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தொழுகையும் தூய்மையும்

"டயப்பர் போட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொழலாமா ஹஜ்ரத்?" என்று இளம் தந்தையர் நம்மிடம் அடிக்கடி கேட்கின்றனர். நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டு தொழுத செய்தி புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது. எனவே குழந்தையைத் தூக்குவது தடையல்ல. டயப்பரில் அசுத்தம் இருப்பது உறுதியாகத் தெரிந்தால் மாற்றிவிட்டுத் தூக்க வேண்டும். வெறும் சந்தேகத்தால் தூய்மை நீங்கிவிடாது.

பால் மட்டுமே குடிக்கும், இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தையின் சிறுநீர் பட்ட இடத்தில் தண்ணீர் தெளித்தால் போதும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. கழுவ வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. பெண் குழந்தையின் சிறுநீரையும், யாருடைய மலத்தையும் இரண்டு மத்ஹபுகளின்படியும் கழுவியே ஆக வேண்டும். துணியை நேராக வாஷிங் மெஷினில் போடாமல், மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, குழாய் நீரில் தனியாக அலசிய பிறகு போடுவதே பேணுதல்.

குப்பை எங்கே போகிறது?

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயப்பரைப் பாதுகாப்பாகச் சுற்றி உலர் குப்பைத் தொட்டியில் போடச் சொல்லின. ஆனால் பல ஊர்களில் அது கண்மாய்க் கரைக்கும் சாலையோரப் புதருக்கும் போகிறது. மழைநீரைக் கண்மாயில் தேக்கி வாழும் புதுக்கோட்டைச் சீமையில் இதன் தீங்கைச் சொல்லத் தேவையில்லை. மக்கள் நடக்கும் பாதையிலும் இளைப்பாறும் நிழலிலும் மலஜலம் கழிப்பதை நபியவர்கள் தடுத்தார்கள். அதையே டயப்பரில் மடித்து வீசினால் மட்டும் கூடுமா? மலத்தைக் கழிப்பறையில் கொட்டி, டயப்பரைச் சுருட்டித் தாளில் பொதிந்து, தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுப்போம். எரிக்கவும் வேண்டாம், கழிப்பறைக்குள் போடவும் வேண்டாம்.

துணி என்றால் சுற்றுச்சூழலுக்குத் தீங்கே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 2008இல் வெளியான அரசு ஆய்வின்படி, இரண்டரை ஆண்டுகளில் ஒரு குழந்தையின் டயப்பர்களால் ஏற்படும் கரியமில வாயுப் பாதிப்பு சுமார் 550 கிலோ; துணியால் சராசரியாக 570 கிலோ. வெயிலில் காயவைத்து, மெஷின் நிறையத் துவைத்து, அடுத்த குழந்தைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் துணியின் பாதிப்பு சுமார் 200 கிலோ குறைகிறது. வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.

துவைப்பது யார்?

பகலில் வீட்டில் துணி, இரவிலும் பயணத்திலும் டயப்பர் என்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒத்துவரும். ஆனால் தண்ணீர் லாரியை எதிர்பார்த்திருக்கும் வீட்டிலும், பிரசவக் களைப்பு தீராத தாயிடமும் துணிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது நியாயமல்ல. நபியவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். 'துணியே நல்லது' என்று சொல்லும் கணவர், தினமும் ஒரு வாளித் துணியையாவது தாமே அலசிப் போடட்டும். அதைச் செய்ய முடியாதவர், மனைவி டயப்பர் கேட்டால் மறுப்பின்றி வாங்கிக் கொடுக்கட்டும்.