முடக்குவாதத்தில் வைட்டமின் டி: காரணமா, விளைவா?

முடக்குவாத நோயாளிகளின் ரத்தத்தில் வைட்டமின் டி குறைந்திருப்பதும், அது குறையக் குறைய நோயின் தீவிரம் கூடியிருப்பதும் பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. குறைபாடே நோயை வளர்க்கிறது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். நோய் வந்தபின் எடுத்த அளவு, பெரும்பாலும் நோயின் விளைவையே காட்டுகிறது என்பது என் வாதம்.

இதற்கு வலுவான சான்று முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றிய ஆய்வொன்றிலிருந்து கிடைத்தது. 2011-இல் வெளியான அந்த ஆய்வு, அறுவைக்கு முன்னும் பின்னும் அதே நோயாளிகளின் ரத்தத்தை அளந்தது. அறுவைக்குப் பின் இரண்டாம் நாளில், அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் வெகுவாக ஏறியிருக்க, வைட்டமின் டி அளவைக் காட்டும் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி ஏறத்தாழ 40 விழுக்காடு சரிந்திருந்தது. இரண்டே நாளில் ஒருவர் உண்ணும் உணவோ மேனியில் படும் வெயிலோ இந்த அளவுக்கு மாறிவிடாது. உடலில் மூண்ட அழற்சிதான் அளவை இறக்கியிருக்க வேண்டும். அப்படியானால், ஆண்டுக்கணக்கில் அழற்சியோடு வாழ்பவரின் குறைந்த அளவை எப்படிக் குறைபாடு என்று மட்டும் படிப்பது? மூட்டுவலியால் வெளியே நடமாட முடியாதவருக்கு வெயிலும் குறைகிறது. தீவிரத்தை அளக்கும் டாஸ்-28 மதிப்பீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. அழுத்தினால் வலிக்கும் மூட்டுகளின் எண்ணிக்கையும் அதில் சேரும். கடுமையான வைட்டமின் டி குறைபாடோ தன்னளவிலேயே எலும்பு, தசை வலியைத் தரும்; அதனாலும் மதிப்பீடு ஏறலாம்.

எனினும் இந்த வைட்டமினுக்கு நோயெதிர்ப்பில் பங்கில்லை என்று சொல்ல வரவில்லை. மேக்ரோபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் அதைத் தாமே செயல்வடிவாக மாற்றிக்கொள்கின்றன. ஆனால் நோயுற்ற மூட்டுத் திரவத்திலுள்ள வெள்ளணுக்கள், ரத்தத்திலுள்ளவற்றைவிட அதற்குக் குறைவாகவே செவிசாய்க்கின்றன என்று பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினர். எனவே, நோய் வருமுன் தடுப்பில் பயன்படுவது சிகிச்சையிலும் பயன்படும் என்று கொள்ள இயலாது.

தடுப்புக்கு இருக்கும் சிறந்த ஆதாரம் அமெரிக்காவின் வைட்டல் ஆய்வு. 50 வயது கடந்த ஆண்களும் 55 வயது கடந்த பெண்களுமாக 25,871 பேர் அதில் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 2,000 அலகு வைட்டமின் டி பெற்றவர்களிடம், சுமார் ஐந்து ஆண்டுகளில் உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் தன்தடுப்பு நோய்கள் மொத்தமாக 22 விழுக்காடு குறைந்தன. முடக்குவாதத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் எண்ணிக்கை மிகச் சிறிது: வைட்டமின் டி பெற்றவர்களில் 15 பேர், பெறாதவர்களில் 24 பேர். திசை நம்பிக்கை தருகிறது. புள்ளியியல் உறுதி தரவில்லை. மாத்திரையை நிறுத்திய இரண்டு ஆண்டுகளில் அந்தப் பாதுகாப்பும் மங்கிவிட்டது.

ஸ்டீராய்டு எடுப்பவருக்கு எலும்பைக் காக்க வைட்டமின் டி அவசியம். அதைத் தயங்காமல் தரலாம். ஆய்வக அறிக்கையில் அளவு குறைந்திருப்பதைக் கண்டு, முதலில் அதை ஏற்றிப் பார்க்கலாம் என்று முடக்குவாதத்துக்கான முதன்மை மருந்தான மெத்தோட்ரெக்சேட்டைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. நோய் தொடங்கிய முதல் மாதங்களிலேயே மூட்டு எலும்பு அரிபடத் தொடங்கலாம். அரிபட்ட எலும்பை எந்த மாத்திரையாலும் பழையபடி ஆக்கிவிட முடியாது.