பூமியின் எதிரொலியைப் படிக்கும் கலை

பல்லாயிரம் அடி ஆழத்தில் பாறைகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதைத் தோண்டாமலே அறிய இயலுமா? இயலும் என்று காட்டியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க இயற்பியலறிஞர் கார்ச்சர். முதல் உலகப் போரின்போது, பகைவரின் பீரங்கி இருக்குமிடத்தை அதன் ஓசையைக் கொண்டு கணிக்கும் ஆய்வில் ஈடுபட்டிருந்தவர் அவர். போருக்கெனப் பிறந்த அக்கலையை 1921-இல் ஒக்லகோமா மாநிலத்தில் அவர் வேறு பணிக்குத் திருப்பினார். வெடி வைத்து நிலத்தை அதிரச் செய்து, பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பிய எதிரொலியைக் கருவியிற் பதிவு செய்தார். எண்ணெய் விலை வீழ்ந்தமையால் அம்முயற்சி சில காலம் முடங்கியது. பின்னர் உலகெங்கும் பரவிற்று.

பதிவு செய்வது ஒன்று, படிப்பது வேறொன்று. காகிதத்தில் நெளியும் கோடுகளைப் பார்த்து, எங்கே அடுக்கு முறிந்து விலகியுள்ளது, எங்கே உப்புப் பாறை புடைத்துள்ளது என்று வண்ணப் பென்சிலால் வரைந்தனர் வல்லுநர். பெரும்பாலும் எண்ணெய் நிறுவனங்களுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்த கல்வி அது. 1995-இல் பகோரிச், பார்மர் என்னும் இருவர், அடுத்தடுத்த பதிவுகளைக் கணிப்பொறியால் ஒப்பிட்டு, ஒவ்வாத இடங்களைப் பிளவுகளாகத் தோன்றச் செய்தனர். ஆயினும் கோடு வரைந்தது மனிதக் கையே.

அக்கை எவ்வளவு நம்பத்தக்கது? 2007-இல் கிளேர் பாண்டும் அவர்தம் குழுவினரும், செயற்கையாக ஆக்கிய அதிர்வுப் படம் ஒன்றை நிலவியல் கற்றோர் 412 பேரிடம் தந்தனர். சரியாகப் படித்தவர் 21 விழுக்காட்டினரே! அவரவர் தாம் பழகிய நிலத்தையே அதிற் கண்டனர் போலும்.

இந்நிலையில் 2015-இல் ஜெர்மனியின் பிரைபுர்க் பல்கலைக்கழகத்தார் யூ-நெட் என்னும் கணிப்பொறி முறையை வெளியிட்டனர். நுண்ணோக்கிப் படங்களில் உயிரணுக்களின் எல்லையைப் புள்ளி புள்ளியாக வரையறுக்கப் பிறந்தது அது. அதையே நிலத்தடிப் படங்களுக்கும் பயன்படுத்தலாயினர். 2018-இல் டி.ஜி.எஸ். நிறுவனம் நடத்திய போட்டியில், உப்புப் பாறை குறிக்கப்பட்ட 4,000 சிறு படங்கள் பயிற்சிக்கு வழங்கப்பட்டன.

இங்கே ஓர் இடர் உண்டு. பொறிக்குப் பாடம் சொன்னவை மனிதர் வரைந்த கோடுகள். ஆசான் தவறினால் மாணாக்கனும் தவறுவான். நிலத்தடிக்கு விடைக்குறிப்பு கிடையாது. (விடைக்குறிப்பு இன்றி விடைத்தாள் திருத்தும் தொல்லையை எம்போன்ற ஆசிரியர் நன்கறிவர்.) 2019-இல் சின்மிங் வூ குழுவினர் இதற்கொரு வழி கண்டனர். பிளவு எங்குள்ளது என்று முன்பே தெரிந்த 200 செயற்கை நிலப்படங்களைத் தாமே ஆக்கி, அவற்றைக் கொண்டு பொறியைப் பயிற்றினர். மெய்யான நிலத்துப் பதிவுகளிலும் அது பிளவுகளை இனங்கண்டது. எனினும், ஆக்கியோர் எண்ணிப் பாராத நில அமைப்பு எதிர்ப்படுமிடத்தில் பொறி தடுமாறலாம். ஆகவே நிலவியல் கற்றவரின் சரிபார்ப்பு இன்றும் தேவைப்படுகிறது.

நம் இளைஞர் கருதத்தக்கது ஒன்றுண்டு. வூ குழுவினர் தம் கணிநிரலை யாவரும் எடுத்தாள வெளியிட்டுள்ளனர். நெதர்லாந்தின் வடகடலில் எஃப்-3 என்னும் பகுதியின் அதிர்வுப் பதிவுகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கணிதமும் நிலவியலும் கற்ற கல்லூரி மாணவர், எந்த எண்ணெய் நிறுவனத்தின் வாயிலிலும் நில்லாமல், அவற்றைக் கொண்டு இன்றே பயிற்சியைத் தொடங்கலாம்.