கணிப்பொறிக்கு வந்த சட்டம்

பெங்களூரிலும் புணேயிலும் குருகிராமத்திலும் குடியேறிய நம்மவர் இல்லங்களில், இராச் சாப்பாட்டு வேளையில் ஒரு முறையீடு எழுவதுண்டு. மென்பொருள் எழுதும் மகனோ மகளோ, ஐரோப்பியச் சட்டத்திற்கு இணங்கக் கட்டுக் கட்டாய் ஆவணங்கள் கேட்கிறார்கள் என்று அலுத்துக்கொள்கின்றனர். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு முளைத்த புதுத் தொல்லை என்பது அவர்கள் எண்ணம். நாம் அவ்வாறு கருதவில்லை. இதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

மேற்கு ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலம் 1970-இல், கணிப்பொறிகளில் சேரும் விவரங்களைக் காப்பதற்கென ஒரு சட்டம் இயற்றிற்று. உலகில் இவ்வகைச் சட்டங்களுள் அதுவே முதலாவது. 1973-இல் ஸ்வீடன் நாடு முழுமைக்குமாக ஒன்றைச் செய்தது. பிரெஞ்சு நாட்டின் கதை சற்றுச் சுவையானது. அரசு அலுவலகங்களில் சிதறிக் கிடந்த குறிப்புகளையெல்லாம், ஆளுக்கு ஓர் எண் கொடுத்து இணைத்துவிட அங்கே ஒரு திட்டம் உருவாயிற்று. அதற்கு 'சஃபாரி' என்று சுருக்கப் பெயர் வேறு. 1974 மார்ச்சில் 'லெ மோந்த்' நாளேடு அதனை வெளிப்படுத்தி, இது பிரெஞ்சு மக்களை வேட்டையாடும் வேலை என்று தலைப்பிட்டது. திட்டம் கைவிடப்பட்டது. 1978 ஜனவரியில் பிறந்த சட்டமோ, மனித நடத்தையை மதிப்பிடும் எந்த நீதிமன்றத் தீர்ப்பும் இயந்திரக் கணிப்பை அடிப்படையாகக் கொள்ளலாகாது என்று விதித்தது.

இவ்விதி காகிதத்தில் மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதை நெதர்லாந்து காட்டிற்று. குழந்தைக் காப்பகச் செலவுக்கு அங்கே அரசு பெற்றோருக்கு உதவித் தொகை அளிக்கிறது. ஏமாற்றுவோரைக் கண்டறிய வரித்துறை ஒரு கணிப்பு முறையை 2013 முதல் கையாண்டது. தானே கற்றுக்கொள்ளும் அம்முறை, விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் இட்டது. விண்ணப்பதாரர் நெதர்லாந்துக் குடிமகனா, அன்றா என்பதும் அதற்கு ஓர் அளவுகோல். எண் உயர்ந்த விண்ணப்பம் ஓர் அதிகாரியின் மேசைக்குப் போகும். ஆயினும், அது ஏன் உயர்ந்தது என்று இயந்திரம் அவருக்குச் சொல்லவில்லை. மனிதர் பார்த்தார்தாம், எதைப் பார்ப்பதென்று அவருக்கே தெரியாது. ஒரு கையொப்பம் விடுபட்டதற்காக, வாங்கிய தொகை முழுவதையும் திருப்பிக் கட்டுமாறு ஆணை பெற்ற குடும்பங்கள் உண்டு. பல்லாயிரம் பெற்றோர் கடனில் வீழ்ந்தனர்; வீடிழந்தோரும் உளர். 2021 ஜனவரியில் பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை பதவி விலகிற்று. அவ்வாண்டு டிசம்பரில், விவரப் பாதுகாப்பு ஆணையம் வரித்துறைக்கு 27.5 லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்டு 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் தடைகள் 2025 பிப்ரவரி 2 முதல் செயற்பட்டன. தடையை மீறினால் 3.5 கோடி யூரோ, அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 விழுக்காடு வரை அபராதம் உண்டு. தயாரிப்பாளர் எங்கிருந்தாலும், அதன் விளைவு ஐரோப்பாவில் பயன்பட்டால் சட்டம் அவரையும் தொடரும். பெங்களூரு அலுவலகத்தில் அதன் பெயர் கேட்பது இதனாலேயே.

இச்சட்டம் பொருளின் நுட்பத்தைக் கேட்பதினும், எக்காரியத்திற்கு என்பதையே முதன்மையாகக் கேட்கிறது. வந்த கடிதங்களைத் துறைவாரியாகப் பிரிக்கும் நிரல் ஒன்றிற்குப் பெரும் பாரம் இல்லை. அதே நிரல் வேலை கேட்டு வந்தோரைத் தரம் பிரிக்கத் தொடங்கினால், 'உயர் இடர்' வகையில் சேர்ந்துவிடும். (இச்சொல்லை 'ஆபத்து' என்று பெயர்ப்பாரும் உளர். ஆபத்து வந்து நிற்பது, இடர் வரக்கூடியது. நமக்கு 'இடர்' என்பதே பொருந்துவதாய்த் தோன்றுகிறது.) கடன் பெறும் தகுதி, பள்ளிச் சேர்க்கை, அரசு உதவி ஆகியவையும் இவ்வகையே.

அன்றாட வேலையில் தவறுவது இங்கேதான். பொதுப் பயனுக்கென வாங்கிய உரையாடற் பொறியை, வாடிக்கையாளர் கேட்டார் என்று யாரோ ஒருவர் ஒரு மாலையில் விண்ணப்பத் தேர்வுக்குத் திருப்பிவிடுகிறார். காரியத்தை மாற்றியவரே சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளர் ஆகிவிடுகிறார். ஆவணங்களும் பொறுப்பும் அவர் தலையில் ஏறுகின்றன. ஆகவே இக்கேள்வி சட்ட அலுவலரிடம் கடைசி வாரத்தில் போக வேண்டியதன்று. வேலையின் முதற்கூட்டத்திலேயே எழுதி வைக்கத் தக்கது.

எழுத வேண்டியவை மாயமானவை அல்ல. எந்த விவரங்களைக் கொண்டு பயிற்றினோம், ஏன், எங்கே பிழைக்கும், முடிவை ஒதுக்கவும் பொறியை நிறுத்தவும் யாருக்கு அதிகாரம். பொறியின் நடவடிக்கைப் பதிவுகள் குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும். நம் நாட்டிலும் 2023-இல் மின்னணுத் தனிமனித விவரப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின.

ஐரோப்பியச் சட்டத்தின்படி, உயர் இடர்ப் பொருளின் தொழில்நுட்ப ஆவணத்தை அது சந்தைக்கு வந்த நாளிலிருந்து பத்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதற்குள் எழுதியவர் வேறு நிறுவனத்திற்கும், ஒருவேளை வேறு ஊருக்கும் போயிருப்பார். குடியுரிமை என்னும் கட்டம் அந்தப் படிவத்தில் ஏன் இடம்பெற்றது என்று அன்று ஒருவர் கேட்டால், விடை அந்தத் தாளில் இருந்தாக வேண்டும்.